இருள்வானப் பூங்கா அமைக்க எங்கிருந்து தொடங்குவது?

நகரத்து வெளிச்சத்தில் சலித்துப்போன ஒரு சிறிய அமெச்சூர் வானியல் குழுவின் கேள்வி இது: ஊருக்கு வெளியே நிலம் பிடித்து, யார் வேண்டுமானாலும் வந்து தொலைநோக்கி வைத்துப் பார்க்கும்படி ஓர் இருள்வானப் பூங்கா, அதாவது டார்க் ஸ்கை பார்க், அமைக்க ஆசைப்படுகிறோம். முதலில் நிலம் வாங்குவதா, பெரிய தொலைநோக்கியும் குவிமாடமும் ஏற்பாடு செய்வதா, சர்வதேசச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதா? எவ்வளவு இருட்டு இருந்தால் போதும்?

நல்ல ஆசை. ஆனால் கேட்ட மூன்றில் எதையும் இப்போது தொடாதீர்கள். முதல் ஓராண்டை இரண்டே வேலைக்கு ஒதுக்குங்கள்: வானத்தை அளப்பது, சுற்றுவட்டாரத்து மக்களோடு பேசுவது. நிலத்தைப் பத்திரம் பண்ணி வேலி போட்டுவிடலாம். அதன் மேலே இருக்கும் இருட்டு நம் பெயருக்கு வராது. நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்பவர்கள் எந்த விளக்கை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது இருக்கும், போகும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் வரிசைக்கு வந்துவிடும்.

எந்த ஊர் எவ்வளவு கெடுக்கும் என்று காகிதத்திலேயே ஓரளவு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க வானியலாளர் மெர்ல் வாக்கர் 1970-களில் கலிஃபோர்னியா நகரங்களின் வெளிச்சத்தை அளந்து ஒரு சூத்திரம் கொடுத்தார். ஊரின் மக்கள்தொகையை 100-ஆல் வகுங்கள். வந்த விடையை, அந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதோ அந்த எண்ணின் 2.5 அடுக்கால் வகுங்கள். அந்த ஊரின் திசையில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே, இயற்கை இருட்டைவிட வானம் எவ்வளவு கூடுதலாக ஒளிர்கிறது என்பது கிடைத்துவிடும். 10 லட்சம் பேர் வாழும் நகரம் 100 கிலோமீட்டரில் இருந்தால் விடை 0.1, அதாவது 10 சதவீதம். 10,000 பேர் வாழும் சிற்றூர் 10 கிலோமீட்டரில் இருந்தால் 32 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருநகரத்துக்குப் பயந்து இன்னும் தூரம், இன்னும் தூரம் என்று போய், கடைசியில் ஒரு சின்ன ஊரின் பக்கத்தில் இடம் பிடிப்பவர்கள் நிறைய. சூத்திரம் அந்தக் காலத்து விளக்குகளை வைத்து எழுதப்பட்டது. தொழிற்சாலை, சுரங்கம், விளையாட்டரங்கம் போன்றவை மக்கள்தொகைக் கணக்கில் வராது. அதனால் இதை முதல் சல்லடையாக மட்டும் பயன்படுத்துங்கள். இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. 10 லட்சம் பேர் நகரத்தின் விளக்குகளை நீங்கள் மாற்ற முடியாது. 10,000 பேர் ஊரின் தெருவிளக்குகளைப் பற்றி அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச முடியும்.

அப்புறம் வரைபடம். 2016-இல் ஃபேபியோ ஃபால்கியும் குழுவும் வெளியிட்ட உலக அளவிலான செயற்கை வானவெளிச்ச வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வீதி தெரிவதே இல்லை என்று காட்டியது அந்த ஆய்வுதான். அதோடு விர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி எடுக்கும் இரவுப் படங்களும் உண்டு. ஆனால் விர்ஸை மட்டும் நம்பி இடம் முடிவு செய்யாதீர்கள். அதன் கண்ணுக்கு 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீல ஒளி தெரியாது. ஓர் ஊர் பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி போட்டால், செயற்கைக்கோள் படத்தில் அந்த ஊர் மங்கியதுபோல் தெரியும். தரையில் நிற்பவருக்கோ வானம் முன்பைவிட வெளுத்திருக்கும். அதுவும் வரைபடம் சொல்வது பழைய நிலவரம். உலகெங்கும் தன்னார்வலர்கள் பதிவு செய்த நட்சத்திர எண்ணிக்கையை வைத்து கிறிஸ்டோபர் கிபாவும் குழுவும் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011 முதல் 2022 வரை வானவெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியிருக்கிறது. அந்த வேகத்தில் எட்டு ஆண்டுக்குள் இரண்டு மடங்காகிவிடும். பழைய படத்தைப் பார்த்து இடம் வாங்குவது ஆபத்து.

ஆகவே இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து நேரில் போய் அளக்க வேண்டும். ஸ்கை குவாலிட்டி மீட்டர் என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி இருக்கிறது, சுருக்கமாக எஸ்க்யூஎம். உச்சிவானத்தைப் பார்த்துப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு சதுர ஆர்க்விநாடிக்கு, அதாவது வானத்தின் மிகச் சிறிய ஒரு சதுரத் துண்டுக்கு, இத்தனை மேக்னிட்யூட் (வானியலாளர்களின் பிரகாச அளவு) என்று ஓர் எண் தரும். எண் கூடக்கூட இருட்டு கூடும். செயற்கை வெளிச்சமே இல்லாத வானம் 22-ஐ ஒட்டி இருக்கும். பெருநகர மையத்தில் 17, 18 வரும்; அதாவது இயற்கை வானத்தைவிட 40 முதல் 100 மடங்கு வெளிச்சம். சர்வதேசச் சான்றிதழ் பூங்காவுக்குக் கேட்கும் அளவு 21.2. கேட்க 22-க்குப் பக்கம்போல் இருக்கும், ஆனால் அதுவே இயற்கை வானத்தைவிட இரண்டு மடங்கு பிரகாசம். உங்கள் இடம் இப்போதே 21.2-இல் நின்றால் நாளைக்கு ஒரு புதுக் கிடங்கு வந்தாலும் கதை முடிந்தது. 21.5-க்கு மேல் இருக்கும் இடத்தைத் தேடுங்கள் என்பேன்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நிலா இருக்கக் கூடாது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கியிருக்க வேண்டும். பால்வீதி உச்சியில் இருக்கும்போது அளந்தால் அதன் ஒளியே எண்ணைக் குறைத்துவிடும். முதல் அளவை விட்டுவிட்டு அடுத்து வரும் நான்கைந்தின் சராசரியை எழுதுங்கள். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் வளிமண்டலமே கொஞ்சம் கூடுதலாக ஒளிரும், அதனால் ஒரே ஓர் ஆண்டு எண்ணை வைத்து இடத்தைத் தள்ளிவிடவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். நள்ளிரவுக்கு முன்னும் பின்னும், வாரநாளிலும் வாரக்கடைசியிலும் அளங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் யாருடைய விளக்கு அணைகிறது என்று தேடலாம். பின்னால் யாரோடு பேச வேண்டும் என்பதற்கு அதுவே துப்பு.

கருவி உச்சியை மட்டும்தான் சொல்லும். அடிவானத்தைச் சொல்லாது. அதற்குக் கேமரா வேண்டும்: ஒரே லென்ஸ், ஒரே ஐஎஸ்ஓ, ஒரே திறப்பு நேரம் வைத்து எட்டுத் திசையிலும் படம் எடுத்து வையுங்கள். எந்த ஊரின் ஒளிக்கூம்பு எங்கே எழுகிறது, எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். பத்தாண்டு கழித்து ஓர் அதிகாரியின் மேஜையில் வைக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எல்லாத் திசையும் சமமாக முக்கியமும் இல்லை. வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்குத் தெற்கு அடிவானம் உயிர். விருச்சிகம், தனுசு, பால்வீதியின் மையம் எல்லாம் அந்தப் பக்கம்தான். வடக்கில் ஓர் ஒளிக்கூம்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், தெற்கில் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

வெறும் கண்ணால் செய்யும் சோதனைகளையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க அமெச்சூர் வானியலாளர் ஜான் போர்ட்டில் வான இருட்டுக்கு 2001-இல் வகுத்த ஒன்பது படிநிலை அளவுகோல் இதற்குத்தான். அதில் எனக்குப் பிடித்த சோதனை மேகம். நகரத்தருகே மேகம் வந்தால் கீழிருந்து வரும் வெளிச்சம் பட்டு வெண்மையாகத் தெரியும். நிஜமான இருட்டில் மேகம் கறுப்பாக வரும். அது வருவதே தெரியாது. நட்சத்திரங்கள் ஒரு பக்கமாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கும், அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஓர் ஓட்டை நகர்வதுபோல் இருக்கும். இதோடு எம்33 என்ற முக்கோண விண்மீன் மண்டலம் கருவி இல்லாமல் கண்ணுக்குத் தட்டுப்படுகிறதா, அந்தி முடிந்தபின் மேற்கில் இராசி ஒளி (கோள்களுக்கு இடையே உள்ள தூசியில் சூரிய ஒளி பட்டுத் தெரியும் மங்கலான வெளிச்சம்) கூம்பாக எழுகிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றும் தேறினால் இடம் அருமை.

இருட்டு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டில் எத்தனை இரவு மேகமில்லாமல் இருக்கும், பனிப்படலம் லென்ஸில் படியுமா, காற்று தொலைநோக்கியை ஆட்டுமா, புகையோ தூசியோ வரும் பருவம் எது, இரவு இரண்டு மணிக்கு ஒருவர் தனியாகக் காரோட்டி வீடு திரும்ப முடியுமா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். நகரத்திலிருந்து நான்கு மணி நேரத்தில் இருக்கும் அற்புதமான வானத்தைவிட, ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் நல்ல வானத்துக்குத்தான் மக்கள் மாதந்தோறும் வருவார்கள்.

இனி அக்கம்பக்கம். பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. "விளக்கை அணையுங்கள்" என்று யாரிடமும் போய்ச் சொல்லாதீர்கள். இரவில் பாதுகாப்புக்காக விளக்குப் போட்டிருப்பவருக்கு அது அச்சுறுத்தலாகத்தான் கேட்கும். அவருடைய பிரச்சினையிலிருந்து பேசத் தொடங்குங்கள். கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, அதற்குப் பின்னால் நிற்பவரை மறைக்கிறது. அதை அவரே வாசலில் நின்று பார்க்கலாம்.

ஒரு கொட்டகை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய வெள்ளை எல்இடி, 6500 கெல்வின். கெல்வின் என்பது விளக்கின் நிறத்தைச் சொல்லும் அளவு: எண் கூடினால் நீலம் கூடும், குறைந்தால் மஞ்சளாகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி உங்கள் மைதானத்தில் நின்றால் பளிச்சென்று கண்ணைக் குத்தும். விளக்கின் முகத்தைத் தரைக்கு நேராகத் திருப்பி, மேலே ஒரு தகட்டு மூடி போட்டு, 2200 கெல்வின் பல்பாக வாட் குறைத்து மாற்றி, ஆள் வந்தால் எரியும்படி சென்சார் வைத்துப் பாருங்கள். கொட்டகைக்காரர் வெளியே வந்து பார்த்தால் முன்பு கூச்சத்தில் தெரியாத வேலி ஓரம் இப்போது தெரியும். உங்கள் மைதானத்திலிருந்து பல்பே தெரியாது, தரையில் விழும் மங்கலான வட்டம் மட்டும் தெரியும். மைதானத்தில் நின்று பல்பு நேரடியாகக் கண்ணில் படுகிறதா என்பதுதான் நான் எங்கும் வைக்கும் பரிசோதனை. முதல் பத்து விளக்குகளைக் குழுவின் செலவிலேயே மாற்றிக் கொடுங்கள். நீங்கள் செலவிடும் பணத்திலேயே அதிகப் பலன் தருவது இதுதான்.

நிறம் ஏன் முக்கியம் என்று கேட்பார்கள். காற்றிலுள்ள மூலக்கூறுகள் அலைநீளம் குறைந்த ஒளியைத்தான் அதிகமாகச் சிதறடிக்கின்றன. 450 நானோமீட்டர் நீல ஒளி, 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியைவிட மூன்று மடங்குக்கு மேல் சிதறும். பகல் வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். கிடைமட்டத்துக்குச் சற்றே மேலே போகும் ஒளி இன்னும் மோசம். அது காற்றில் நெடுந்தூரம் பயணம் செய்து பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வானத்தையும் வெளுக்க வைக்கும். அதனால்தான் மூடிக்கு இவ்வளவு வலியுறுத்தல்.

ஊர் முழுக்க ஒத்துழைக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் 1958-இலேயே விளம்பரத் தேடொளி விளக்குகளுக்குத் தடை போட்டது. 2001-இல் உலகின் முதல் சர்வதேச இருள்வான நகரமும் அதுவே. நியூசிலாந்தின் மெக்கென்சி பகுதியில் 1980-களின் தொடக்கத்திலிருந்தே விளக்கு விதிகள் உண்டு. அதன் பலனாக அவ்ராக்கி மெக்கென்சி 2012-இல் சர்வதேச இருள்வானக் காப்பகமானது. லடாக்கின் ஹான்லேயில் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை லடாக் நிர்வாகம் 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவித்தது. அங்கே உள்ளூர்வாசிகளுக்கே பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். வரும் விருந்தினருக்கு வானம் காட்டுவது அவர்கள்தான். வானத்தால் வரும் வருமானம் கிராமத்திலேயே தங்கும்போது, விளக்கை மூடச் சொல்ல வெளியாள் தேவைப்படாது. நான் பார்த்தவரை நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு இதுதான்.

வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் எழுத்தில் வாங்குங்கள். உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம், மின்வாரியத்தின் ஒப்புதல், புதிய கட்டடங்களுக்கான விளக்கு விதி, எது கிடைக்கிறதோ அது. ஆட்கள் மாறுவார்கள், தாள் இருக்கும். லா பால்மா தீவின் ஆய்வகங்களைக் காக்க ஸ்பெயின் 1988-இல் ஒரு தனிச்சட்டமே இயற்றியது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் ஒரு பக்கத் தீர்மானம் போதும், தொடங்குவதற்கு.

சரி, இப்போது மைதானம். நிலத்தை வாங்குவதைவிட நீண்டகாலக் குத்தகையோ, வனத்துறை அல்லது பூங்கா நிர்வாகத்தோடு உடன்படிக்கையோ மேல் என்பது என் கருத்து. பராமரிப்பும் காவலும் ஏற்கெனவே இருக்கும், சுற்றியுள்ள காடே வெளிச்சத்தைத் தடுக்கும். தரை புல்லாக இருக்கட்டும். கான்கிரீட் பகல் வெப்பத்தைத் தேக்கி வைத்து இரவில் விடும், கோளின் பிம்பம் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் நெளியும். தொலைநோக்கித் தாங்கிகளுக்குச் சின்னச்சின்ன மேடைகள் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

வடிவமைப்பில் முதலில் யோசிக்க வேண்டியது கார்கள். இருட்டுக்குப் பழகிய கண் முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு ஹெட்லைட் அதை ஒரே நொடியில் அழித்துவிடும். பார்க்கிங்கை மைதானத்துக்கு வெளியே, மரங்களுக்கோ மண்மேட்டுக்கோ பின்னால் வையுங்கள். இருட்டும் முன்பே கார்களை வெளியேறும் திசை பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். நடுவில் கிளம்ப வேண்டியவர்களுக்குத் தனி இடம், பாதை ஓரத்தில். டிக்கியைத் திறந்தால் எரியும் விளக்கைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது அற்பம்போல் தெரியும், ஆனால் படம் எடுப்பவர்கள் இரவுக்கு இரவு திட்டுவது இதைத்தான்.

பொதுமக்கள் வரும் பகுதியும் ஆர்வலர்களின் பகுதியும் தனித்தனியாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பென்சில்வேனியாவின் செர்ரி ஸ்பிரிங்ஸ் பூங்காவில் இரவு முழுக்கத் தங்குபவர்களுக்கு ஒரு மைதானம், சிறிது நேரம் வந்து போகிறவர்களுக்கு வேறொரு இடம் என்று பிரித்திருக்கிறார்கள். முதன்முறை பால்வீதி பார்க்கும் குழந்தை சத்தம் போடத்தான் செய்யும், போட வேண்டும். அதே நேரத்தில் மங்கலான விண்மீன் மண்டலம் ஒன்றை ஒரு மணி நேரமாகப் பின்தொடர்கிறவருக்கும் அமைதி வேண்டும். இருவருக்கும் இடம் கொடுக்காத பூங்கா இரண்டாம் ஆண்டில் ஒரு சாராரை இழந்துவிடும்.

மைதானத்துக்குள் சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் மங்கலாக. கடைகளில் விற்கும் பல சிவப்பு ஹெட்லாம்ப்கள் அளவுக்கு மீறிய பிரகாசம்; இரண்டு அடுக்கு சிவப்புத் தாள் ஒட்டுங்கள். கைப்பேசித் திரைக்கும் அதே விதி. பச்சை லேசர் ஒரு வழிகாட்டியின் கையில் மட்டும் இருக்கட்டும். விமானிகளுக்கு ஆபத்து, படம் எடுப்பவர்களுக்கும் தொல்லை. கழிப்பறை, குடிநீர், மின்சாரம் இவற்றைப் பற்றி நீட்டத் தேவையில்லை, ஆனால் கழிப்பறையின் கதவு மைதானத்தைப் பார்த்துத் திறக்கக் கூடாது.

சான்றிதழுக்கு வருவோம். 1988-இல் தொடங்கிய சர்வதேச இருள்வானச் சங்கம், 2023 முதல் டார்க்ஸ்கை இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்குகிறது. அது பூங்கா, காப்பகம், சரணாலயம், சமூகம், நகர்ப்புற இரவுவான இடம் என்று வகை பிரித்து அங்கீகரிக்கிறது. முதல் பூங்கா யூட்டாவின் நேச்சுரல் பிரிட்ஜஸ், 2007. பூங்காவுக்கு அவர்கள் கேட்பது: இரவில் பொதுமக்களுக்கு அனுமதி, பாதுகாக்கப்பட்ட நிலம், எழுத்தில் ஒரு விளக்கு நிர்வாகத் திட்டம், எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு விளக்கின் பட்டியல், தொடர் அளவீடு, வானம் பற்றிய பொதுக் கல்வி, ஆண்டறிக்கை. விண்ணப்பிக்கும்போதே விளக்குகளில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு விதிப்படி இருக்க வேண்டும்; மீதியைக் குறித்த காலத்துக்குள் மாற்ற வேண்டும்.

சான்றிதழ் வேண்டுமா என்றால், உங்கள் கண்களுக்கு வேண்டாம். கனடாவின் டாரன்ஸ் பேரன்ஸ் 1999-இலேயே, இந்தச் சான்றிதழ் திட்டம் பிறப்பதற்கு முன்பே, இருள்வானக் காப்பகம் ஆகிவிட்டது. ஆனால் பேரம் பேசுவதற்குச் சான்றிதழ் தேவை. பக்கத்தில் ஒரு விளையாட்டரங்கம் வரப்போகிறது என்றால், "எங்களுக்கு இருட்டு பிடிக்கும்" என்ற வாதம் எடுபடாது. "இந்தப் பகுதிக்கு உலக அங்கீகாரம் இருக்கிறது, இதோ ஆண்டுவாரி அளவீடு" என்பது எடுபடும். எனவே இரண்டு மூன்று ஆண்டு அளவீடும் கையெழுத்தான தீர்மானமும் சேர்ந்த பிறகு விண்ணப்பியுங்கள். ஒரு எச்சரிக்கை: அங்கீகாரம் வந்ததும் விடுதிகள் வரும், விடுதிகளோடு விளக்கு வரும். விளக்கு விதி முதலில், விளம்பரம் பிறகு. இந்த வரிசை மாறினால் பூங்காவின் புகழே அதன் வானத்தைத் தின்றுவிடும்.

தொலைநோக்கியும் குவிமாடமும் கடைசி. வருகிற ஆர்வலர்கள் தங்களுடையதைக் கொண்டுவருவார்கள். பொதுமக்களுக்கு 10 அல்லது 12 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் தொலைநோக்கி) இரண்டு இருந்தால் ஓர் இரவு முழுக்க வரிசை நகரும். குவிமாடம் படத்தில் அழகு. உள்ளே நிற்பவருக்கு வானத்தில் ஒரு கீற்றுதான் தெரியும், நான்கு பேர் நின்றால் நெரிசல். பிற்காலத்தில் நிலையான கருவி வைக்க நினைத்தால், கூரை நகர்ந்து திறக்கும் கொட்டகை கட்டுங்கள், செலவும் குறைவு. அதுவரை அந்தப் பணம் விளக்கு மூடிகளுக்குப் போகட்டும்.

வரும் அமாவாசையை ஒட்டி மூன்று இடங்களிலும் அளவெடுக்கத் தொடங்குங்கள். எண்களும் எட்டுத் திசைப் படங்களும் சேர்ந்ததும் அனுப்பி வையுங்கள். எந்த ஊரோடு முதலில் பேசுவது என்று சேர்ந்தே பார்க்கலாம்.